எச்சரிக்கை வேறு, பொறுப்பு வேறு: பாலியல் வன்முறை பற்றிய ஒரு பழைய சண்டை

2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி, கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் அரசுகளும் நிர்வாகங்களும் அவசர அவசரமாக வழிகாட்டுதல்களை வெளியிட்டன. முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி கொடுப்பதைத் தவிர்க்கலாம் என்று மேற்கு வங்க அரசின் அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. அசாமின் சில்சார் மருத்துவக் கல்லூரி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இல்லாத இடங்களுக்குப் பெண்கள் போக வேண்டாம், அவசியமில்லாமல் இரவில் விடுதியை விட்டு வர வேண்டாம், கெட்டவர்களின் கவனத்தை ஈர்க்காதபடி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். மேற்கு வங்க அறிவிப்பைச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல முடியாது, பாதுகாப்பு கொடுப்பதுதான் அரசின் வேலை என்று சொல்லி, அறிவிப்பைத் திருத்தச் சொன்னது.

அந்த மருத்துவர் எங்கேயோ ஒதுக்குப்புறத்தில் இருக்கவில்லை. தான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குள், நீண்ட பணிநேரத்தின் நடுவே கொஞ்சம் கண்ணயரக் கருத்தரங்க அறைக்குப் போயிருந்தார். அந்த இடம் ஆபத்தாக இருந்ததென்றால் சரிசெய்யப்பட வேண்டியது மருத்துவமனை. ஆனால் வந்த யோசனைகளில் பல, பெண்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கலாம் என்பதைப் பற்றியே இருந்தன.

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் இந்தச் சண்டை வரும். "பெண் பிள்ளைகள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா, நல்லதுக்குத்தானே சொல்கிறோம்?" என்று ஒரு தரப்பு கேட்கும். "எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள், ஆண்களுக்குச் சொல்லுங்கள்" என்று இன்னொரு தரப்பு கொதிக்கும். முதல் தரப்பில் பேசுபவர்களில் பலர் பெண்களைப் பெற்றவர்கள். அவர்களுடைய பயம் நிஜமானது. இரண்டாம் தரப்பின் கோபமும் நிஜமானது. இந்த விவாதத்தை முதன்முதலாக நின்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு பற்றிப் பேசுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பேச்சை வைத்துப் பாதிக்கப்பட்டவர்மேல் துளிகூடப் பொறுப்பை ஏற்ற முடியாது.

இரண்டு கேள்விகள்

"இப்படி நடக்கும் வாய்ப்பை எப்படிக் குறைக்கலாம்?" என்பது ஒரு கேள்வி. "நடந்ததற்கு யார் பொறுப்பு?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பல விடைகள் இருக்கலாம்: தெருவிளக்கு, கடைசிப் பேருந்தின் நேரம், மருத்துவமனையில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓய்வறை, போலீஸ் ரோந்து, பையன்களைச் சின்ன வயதிலிருந்தே ஒழுங்காக வளர்ப்பது. ஒரு பெண் தானாக எடுத்துக்கொள்ளும் முன்ஜாக்கிரதையும் அதில் ஒன்று. இரண்டாவது கேள்விக்கு விடை ஒன்றுதான். செய்யாமல் விட்டிருக்கலாம் என்ற இடத்தில் நின்று, செய்தவர்தான் பொறுப்பு.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், சம்பவத்துக்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் நாம் 'காரணம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அவள் அந்த வழியாகப் போகாமல் இருந்திருந்தால் நடந்திருக்காது. உண்மைதான். அன்றைக்கு ஆட்டோ கிடைத்திருந்தாலும் நடந்திருக்காது. மேலாளர் அரை மணி நேரம் முன்னால் அனுப்பியிருந்தாலும் நடந்திருக்காது. மழை பிடித்திருந்தாலும் நடந்திருக்காது. ஆட்டோவையும் மேலாளரையும் மழையையும் விட்டுவிட்டு, அவள் நடந்துபோனதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விசாரிக்கிறோம். விளைவுக்கு முன்னால் வந்தது என்பதாலேயே ஒரு செயல் குற்றத்தில் பங்காகிவிடாது.

"அவனுக்கு எண்பது சதவீதம், அவளுக்கும் ஒரு இருபது" என்று பங்கு பிரிப்பவர்களும் உண்டு. இது சாலை விபத்து வழக்கிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். அங்கே இரண்டு பேரும் கவனக்குறைவாக இருந்திருக்கலாம், யாரும் வேண்டுமென்று மோதவில்லை, அதனால் தீர்ப்பாயம் இழப்பீட்டைப் பிரிக்கிறது. பாலியல் வன்கொடுமை விபத்து கிடையாது. ஒருவர் வேண்டுமென்றே செய்த செயலில், இன்னொருவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற கணக்குக்கே இடமில்லை.

இந்த இடத்தில் தவறாமல் வரும் உதாரணம் பூட்டு. "வீட்டைப் பூட்டாமல் போனால் திருட்டுப் போகத்தானே செய்யும்? பூட்டு என்று சொன்னால் திருடனுக்கு ஆதரவு என்றா அர்த்தம்?" இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது, நேர்மையாகக் கேட்பவர்கள் நிறைய பேர். சரி, பூட்டாத வீட்டில் திருட்டு போய்விட்டது. போலீஸ் வழக்குப் பதிவுசெய்யும். பூட்டு இல்லாதது காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு பிரச்சினையாக இருக்கலாம். நீதிபதிக்கு அது பிரச்சினை இல்லை. "கதவு திறந்திருந்தது, அதனால் இவன் செய்தது திருட்டாகாது" என்று எந்த வக்கீலும் வாதாட மாட்டார். வீட்டுக்காரரின் ஒழுக்கத்தையும் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், அவருக்குக் கல்யாணம் நடக்குமா என்றும் பேச மாட்டார்கள். பெண்ணின் விஷயத்தில் இவ்வளவும் நடக்கிறது. அப்புறம், பூட்டுவதற்கு அரை நிமிடம்தான் ஆகும். "இரவில் வராதே, தனியாகப் போகாதே, அந்த வேலைக்குச் சேராதே, அந்தப் படிப்பு வேண்டாம்" என்பதை ஒரு பூட்டின் விலையோடு ஒப்பிட முடியாது.

நம் ஊரில் இந்த வாதம் பழமொழியாகவே இருக்கிறது. சேலை முள்ளில் பட்டாலும், முள் சேலையில் பட்டாலும், கிழிவது சேலைதான். ஆறுதலாகச் சொல்வதுபோல இதைச் சொல்வார்கள். ஆனால் இது ஆணை முள்ளாக்கிவிடுகிறது. முள்ளுக்கு யோசிக்கத் தெரியாது, அதைக் கண்டிக்க முடியாது, சேலைதான் ஒதுங்கிப் போக வேண்டும் என்று முடிகிறது. யோசிக்கத் தெரிந்த, வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ளத் தெரிந்த ஓர் ஆணை இதைவிட மோசமாக அவமானப்படுத்த முடியாது. "ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா" என்பது இன்னும் கொடூரம். அது நடந்தது வன்முறையே இல்லை என்கிறது.

அறிவுரை எந்த ஆபத்தைப் பார்க்கிறது?

நாம் பெண்களுக்குச் சொல்லும் எச்சரிக்கைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இருட்டு, தெரு, முன்பின் தெரியாத ஆள், உடை, குடி. ஏறக்குறைய எல்லாமே வெளியே நிற்கும் அந்நியனைப் பற்றியவை. இனி தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022இல் நாடு முழுக்கப் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,516. வருடா வருடம் இந்தக் கணக்கில் மாறாத ஒன்று உண்டு: பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், குடும்ப நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், முதலாளி, காதலன். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றிய வழக்குகளும் இந்த எண்ணிக்கையில் சேரும் என்பதையும், புகாராக வந்தவை மட்டுமே இதில் இருக்கின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தாலும் நம் எச்சரிக்கை ஒரு பக்கமும் ஆபத்து இன்னொரு பக்கமும் நிற்பது தெரிகிறது.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் பேசிய குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பையன்களும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி இருந்தார்கள். ஒரு பத்து வயதுப் பையனிடம் யாரும் "என்ன உடை போட்டிருந்தாய்" என்று கேட்பதில்லை. கேட்டால் எவ்வளவு அபத்தமாக இருக்கும்! அந்தக் கேள்வி இருபது வயதுப் பெண்ணிடம் மட்டும் நியாயமாகத் தோன்றுவது நம் பழக்கத்தால் வந்த கோளாறு.

'பாதுகாப்புக்காக' என்று சீக்கிரமே கல்யாணம் செய்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால், கணவன் செய்யும் பலாத்காரத்தை இந்தியச் சட்டம் இன்றைக்கும் வல்லுறவு என்று ஏற்பதில்லை. பாதுகாப்பு என்று அனுப்பிவைக்கும் இடத்தில் சட்டமே துணைக்கு வராத நிலை.

அறிவுரைகளை அப்படியே கடைப்பிடித்தால் தப்பிக்கலாம் என்பதும் நிச்சயமில்லை. 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில், ஓடும் பேருந்தில் ஒரு கும்பலின் வல்லுறவுக்கு ஆளாகிப் பிறகு இறந்துபோன மாணவி, ஓர் ஆண் நண்பரோடுதான் வந்தார். நள்ளிரவு ஆகவில்லை, ஒன்பது மணியைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். நடந்துபோகாமல் பேருந்தில் ஏறினார். 'துணையோடு போ, நேரத்தோடு வா, தனியாக நடக்காதே' என்ற மூன்றும் அங்கே இருந்தன. அந்தப் பேருந்தோ, அந்த வழியில் பயணிகளை ஏற்ற உரிமம் இல்லாமல் கறுப்புக் கண்ணாடியோடு நகரத்தில் சுற்றியது. அதே கும்பல் அன்று மாலை ஒரு தச்சரை ஏற்றிக் கொள்ளையடித்தும் இருந்தது. தடுத்திருக்கக்கூடிய இடங்கள் இவை. அவற்றில் ஒன்றுகூட அந்தப் பெண்ணின் கையில் இல்லை.

பிறகு என்ன நடந்தது என்பதும் முக்கியம். ஆசாராம் என்ற பிரபல சாமியார், அந்தப் பெண் தாக்கியவர்களை அண்ணா என்று அழைத்துக் கெஞ்சியிருக்க வேண்டும் என்றார். 2018இல் அதே ஆசாராம் ஒரு சிறுமியை வல்லுறவு செய்த குற்றத்துக்காக ஜோத்பூர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். டெல்லி வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் சிறையிலிருந்து கொடுத்த நேர்காணலில், நல்ல பெண் ராத்திரி ஒன்பது மணிக்குச் சுற்ற மாட்டாள், ஆணைவிடப் பெண்ணுக்கே பொறுப்பு அதிகம் என்ற பொருளில் பேசினார். நாம் வீட்டில் அக்கறையோடு சொல்லும் அதே வரியைக் குற்றவாளி தன் தரப்பு நியாயமாக எடுத்து நீட்டும்போது, அந்த வரியை நாம் இன்னொரு முறை யோசிக்கத்தான் வேண்டும்.

சம்பவத்துக்குப் பின் வரும் அறிவுரை

வெளியூருக்குக் கிளம்பும் மகளிடம் "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, வண்டி நம்பரை அனுப்பு" என்று அம்மா சொல்வது அக்கறை. பாதிக்கப்பட்டு வந்து நிற்பவரிடம் "ஏன் போன் பண்ணவில்லை?" என்று கேட்பது தீர்ப்பு. விஷயம் ஒன்றுதான், நேரம் மாறியதும் அதன் குணமே மாறிவிட்டது. முன்னால் சொன்னால் ஒருவேளை உதவலாம். பின்னால் சொல்லும்போது அது யாரையும் காப்பாற்றப்போவதில்லை. 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் கொல்லப்பட்டபோது, அவர் தங்கைக்குப் போன் செய்ததற்குப் பதிலாகக் காவல்துறைக்கு அழைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று தெலங்கானாவின் உள்துறை அமைச்சரே சொன்னார். இறந்துபோனவருக்கு அது அறிவுரை ஆகாது. அவருடைய குடும்பத்துக்கு அது குற்றச்சாட்டு.

நல்ல மனிதர்கள்கூட ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? மெல்வின் லெர்னர் என்ற சமூக உளவியலாளர் 1960களில் ஒரு சோதனை செய்தார். ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுக்கப்படுவதுபோல நடிப்பு. பார்ப்பவர்களுக்கு அது நடிப்பு என்று தெரியாது. தங்களால் அதை நிறுத்த முடியாது என்ற நிலையில், பார்த்தவர்கள் அந்தப் பெண்ணையே தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமானது, அவரவர் செய்ததற்கு ஏற்றதே அவரவருக்கு நடக்கும் என்று நம்புவது நமக்கு நிம்மதி தருகிறது. ஒன்றும் செய்யாத ஒருவருக்குக் கொடுமை நடந்தால் அந்த நிம்மதி ஆட்டம் காண்கிறது. அதனால் அவர் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று தேடுகிறோம். "அவள் அப்படிச் செய்தாள், என் மகள் செய்ய மாட்டாள், அதனால் என் மகளுக்கு நடக்காது." கருணை இல்லாததால் வரும் பேச்சு என்று இதைச் சொல்லிவிட முடியாது, பல நேரம் பயத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அதன் சுமை மொத்தமும் ஏற்கெனவே நொந்துபோன ஒருவர்மேல் போய் விழுகிறது.

"ஏன் கத்தவில்லை, ஏன் திருப்பி அடிக்கவில்லை?" என்பதும் இதே ரகம். ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது உடல் உறைந்துபோய் அசைய முடியாத நிலையைக் கணிசமாக அனுபவித்திருந்தார்கள். உயிர்ப்பயத்தில் உடம்பு தானாகச் செய்வது அது. நம் சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று 2013 திருத்தத்தில் சேர்த்த விளக்கம், இப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் இருக்கிறது.

நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும்

பேச்சு பேச்சாகவே நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அது தீர்ப்பிலும் புகாரிலும் எழுத்தாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2022இல் கோழிக்கோடு அமர்வு நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் உத்தரவில் புகார் கொடுத்தவரின் உடை 'பாலுணர்வைத் தூண்டும்' வகையில் இருந்ததாக எழுதியது. கேரள உயர் நீதிமன்றம் பிறகு அதை நீக்கியது. 2025இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் உத்தரவில், மது அருந்திவிட்டுக் குற்றம்சாட்டப்பட்டவரோடு போன மாணவி தானே பிரச்சினையை வரவழைத்துக்கொண்டார், அவரும் பொறுப்பு என்று எழுதியது. ஜாமீன் கொடுப்பது இருக்கட்டும், இப்படி ஒரு கருத்து எதற்கு என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. 2021 மார்ச்சிலேயே அபர்ணா பட் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் உடை, நடத்தை, கடந்தகாலம் பற்றி உத்தரவுகளில் எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருந்தது.

சட்டப் புத்தகத்திலேயே இந்தப் பார்வை இருந்தது. புகார் கொடுத்த பெண் 'ஒழுக்கம் கெட்டவர்' என்று காட்டி அவருடைய சாட்சியத்தை உடைக்க அனுமதித்த சாட்சியச் சட்டப் பிரிவு 2003இல்தான் நீக்கப்பட்டது. மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் செய்யப்பட்ட இருவிரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. 2022இல், இனி அதைச் செய்யும் மருத்துவர் நன்னடத்தை மீறியவராவார் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

சென்னையில் 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி தாக்கப்பட்டார். அவர் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து போன் போனாகப் பரவியது. தாக்கப்பட்ட வேதனையோடு, ஊரெல்லாம் தன் விவரங்களைப் படிக்கும் கொடுமையையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. "அந்த நேரத்தில் ஒரு பையனோடு அங்கே என்ன வேலை?" என்று பேசியவர்களுக்குக் குறைவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவரைப் பழிப்பதற்கு வழிசெய்கிறது என்று கடிந்துகொண்டது. கசிவுக்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. அந்த மாணவி பயப்படாமல் புகார் கொடுத்ததால்தான் 2025 ஜூனில், குறைந்தது முப்பது வருடம் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை குற்றவாளிக்குக் கிடைத்தது.

அறிவுரையால் வரும் கேடு

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத, என் மனதை மிகவும் உறுத்தும் பகுதி இது. "அங்கே போகாதே, போனால் என்னிடம் வந்து நிற்காதே" என்று வளர்க்கப்பட்ட பெண், அங்கே போய் ஏதாவது நடந்துவிட்டால் யாரிடம் சொல்வாள்? தான் விதியை மீறிவிட்டதாகத்தான் முதலில் நினைப்பாள். வாயை மூடிக்கொள்வாள். அந்த மௌனம் குற்றவாளிக்கு அடுத்த வாய்ப்பு.

பொள்ளாச்சியில் நடந்தது அப்பட்டமாக இதுதான். பெண்களை நட்பாகப் பேசிப் பழகி வரவழைத்து, வன்கொடுமை செய்து, படம்பிடித்து, அதை வைத்தே மிரட்டினார்கள். அந்தக் கும்பலின் உண்மையான ஆயுதம் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். "வீட்டில் என்ன சொல்வார்கள், ஊர் என்ன சொல்லும்" என்ற நினைப்பு பலரைப் பேச விடாமல் செய்தது. 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தபோது, காவல்துறையே அவருடைய அடையாளத்தை வெளியிட்டது. இதற்கும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. எந்த வீட்டிலாவது முன்பே "என்ன நடந்திருந்தாலும் எங்களிடம் சொல், உன்மேல் கோபப்பட மாட்டோம்" என்ற உறுதி இருந்திருந்தால், அந்தப் படங்களுக்கு மிரட்டும் சக்தி அவ்வளவு இருந்திருக்காது.

அறிவுரை விதியாக மாறும்போது வேறொரு கேடு வருகிறது. பெண்கள் விடுதிக்கு ஒரு நேரம், ஆண்கள் விடுதிக்கு ஒரு நேரம் என்பது பல கல்லூரிகளில் சாதாரணம். 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்ற இயக்கத்தைத் தொடங்கியது இதை எதிர்த்துத்தான். நூலகம் இரவில் திறந்திருக்கிறது, விடுதிக் கதவு மூடியிருக்கிறது என்றால் படிப்பு யாருக்கு? கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022இல் இதே கேள்வியோடு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்ட வேண்டும், தொல்லை கொடுப்பவர்கள் ஆண்கள் என்றால் அவர்களைப் பூட்டலாமே என்று நீதிபதி கேட்டார்.

பயன்படும் அறிவுரை என்று ஒன்று உண்டா?

உண்டு. இதை ஒத்துக்கொள்ளாமல் எதிர்த்தரப்பை வென்றுவிட முடியாது, வெல்லவும் கூடாது. கனடாவில் சார்லீன் சென் என்ற உளவியல் பேராசிரியர் தலைமையில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளிடம் ஒரு பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2015இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான துண்டறிக்கைகள் மட்டும். இன்னொரு பாதிப் பேருக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு வகுப்புகள். ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்டபோது, துண்டறிக்கை மட்டும் வாங்கியவர்களில் 9.8 சதவீதம் பேர் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். வகுப்பில் இருந்தவர்களில் 5.2 சதவீதம் பேர். ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது.

அந்த வகுப்புகளில் 'ராத்திரி வெளியே போகாதே' என்று சொல்லித்தரவில்லை. தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளை அடையாளம் காண்பது, நண்பனை முகத்துக்கு நேரே மறுப்பதில் உள்ள தயக்கத்தைத் தாண்டுவது, உரக்கப் பேசுவது, தேவைப்பட்டால் உடலால் எதிர்ப்பது, தனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று தெளிவாக இருப்பது ஆகியவை அங்கே பாடம். பாதிக்கப்பட்டவர்மேல் பழி போடும் எண்ணங்களும் அந்த மாணவிகளிடம் குறைந்திருந்தன. பாதுகாப்பைச் சொல்லிக்கொடுப்பதும் பழி போடாமலிருப்பதும் கைகோத்துப் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதே நேரம், இதைக்கூடத் தனியாக நம்பியிருக்க முடியாது. ஒரு பெண் தப்பித்தால் அவன் இன்னொரு பெண்ணைத் தேடிப் போகலாம். வகுப்புக்குப் போயும் தாக்கப்பட்ட 5.2 சதவீதம் பேர் பாடத்தைச் சரியாகப் படிக்காதவர்கள் என்று யாராவது சொன்னால், நாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

சொல்லும் விதத்துக்கு நம்மிடமே நல்ல மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக்கொடுக்கும்போது கூடவே இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துச் சொல்கிறோம்: "யார் செய்தாலும் தப்பு உன்மேல் இல்லை. உடனே வந்து எங்களிடம் சொல்." பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆனதும் எச்சரிக்கை மட்டும் இருபது மடங்காகிறது, இந்த இரண்டு வாக்கியங்களும் காணாமல் போகின்றன. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும், "பார்த்துப் போ" என்று சொல்வதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. அப்படியே "சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது, போதையில் இருப்பவளின் சம்மதம் சம்மதம் ஆகாது, நண்பன் எல்லை மீறினால் நிறுத்து" என்பதை வீட்டுப் பையனிடமும் அதே அளவு அடிக்கடி சொல்ல வேண்டும். மகள் கிளம்பும்போது ஐந்து எச்சரிக்கை, மகன் கிளம்பும்போது "ஹெல்மெட் எடுத்துக்கொள்" மட்டும் என்றிருக்கிறதே, அந்தக் கணக்கு மாற வேண்டும்.

யாராவது உங்களிடம் வந்து சொன்னால்

கேள்வி கேட்காமல் முழுதும் கேளுங்கள். "ஏன்" என்று தொடங்கும் எதையும் அந்த நேரத்தில் கேட்க வேண்டாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவெடுக்கட்டும் (பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் தகவல் சொல்லியாக வேண்டும்). எந்த மருத்துவமனையும், தனியார் மருத்துவமனையும்கூட, உடனே இலவசமாகச் சிகிச்சை தரச் சட்டப்படி கடமைப்பட்டது. மறுத்தால் தண்டனை உண்டு. கருத்தடை அவசர மாத்திரை, எச்ஐவி தடுப்பு மருந்து இரண்டையும் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்குவது நல்லது, அதனால் மருத்துவமனையைத் தள்ளிப்போட வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவுசெய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்கீழ் குற்றம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் படத்தையும் முதல் தகவல் அறிக்கையையும் பகிராதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்தால் விசாரணைக்கு உதவும். துவைத்துவிட்டாலும், குளித்துவிட்டாலும், பல நாள் கடந்துவிட்டாலும் புகார் செல்லும்.